செக்ரோல், தராசு, பிரிண்டர்: பழைய டாஸ் நிரலைப் புதிய கணினியில் ஓட்டுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து: தோட்ட அலுவலகங்கள், செம்பனை ஆலை, கோயில் நிர்வாகம், பட்டணத்துக் கடைவீடுகள். எல்லாரிடமும் ஒரு டாஸ் நிரல், அதாவது விண்டோஸுக்கு முன் பரவலாக இருந்த டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய நிரல், இருக்கிறது. அதை ஓட்டி வந்த கணினி செத்துவிட்டது, அல்லது சாகக் கிடக்கிறது. புதிய வொர்க்ஸ்டேஷனில் எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடிக்கும் நிரல்) போட்டதும் நிரல் என்னவோ திறந்துவிடுகிறது. தகராறு அதற்குப் பிறகுதான். நிரலுக்குத் தெரிந்தவை டிஸ்க் டிரைவ்களுக்கு ஏ, சி, சீரியல் போர்ட்டுக்கு காம்1, பிரிண்டர் போர்ட்டுக்கு எல்பிடி1 என்ற பெயர்கள் மட்டுமே. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது எந்தக் கோப்புறை, எந்த யுஎஸ்பி வயர், எந்தப் பிரிண்டர் என்பதை நாம்தான் ஒவ்வொன்றாகக் கட்டிவிட வேண்டும்.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) நிரல் 1990-களில் எழுதப்பட்டது. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்த கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்திருக்கிறோம். புதிதாக வந்த வொர்க்ஸ்டேஷனில் உபுண்டு லினக்ஸ் இருக்கிறது. டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டரில் நிரல் திறக்கிறது. ஆனால் ஒரு நேரம் கோப்பு இல்லை என்கிறது, ஒரு நேரம் டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது. டிஸ்கில் 400 ஜிபி காலியாக இருக்கிறது!
– தோட்ட அலுவலகக் கிராணி, லிந்தாங் சாலை

ஐயா, இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். முதலில் 'கோப்பு இல்லை' என்பதைப் பார்ப்போம்.

அந்தக் காலத்து நிரல்களில் முழுப் பாதையையும் உள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். உங்களுடையது சி டிரைவில் செக்ரோல் என்ற கோப்புறைக்குள் டேட்டா என்ற கோப்புறையைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் செக்ரோல் கோப்புறையையே சி டிரைவாகக் கட்டிவிட்டால், நிரலின் கண்ணுக்கு சி டிரைவில் செக்ரோல் என்று எதுவும் இருக்காது. நிரல் கோப்பு மட்டும் கண்ணெதிரே இருப்பதால் திறக்கும். தரவைத் தேடப் போகும்போது தடுமாறும். ஆகவே ஒரு படி மேலே கட்ட வேண்டும். உங்கள் ஹோம் கோப்புறைக்குள் 'டாஸ்சி' என்று ஒரு வெறும் கோப்புறை உண்டாக்குங்கள். செக்ரோல் கோப்புறையை முழுசாக அதற்குள் நகலெடுங்கள். பிறகு டாஸ்பாக்ஸில் 'மவுண்ட் சி' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, டாஸ்சியின் முழுப் பாதையைக் கொடுங்கள். ஹோம் கோப்புறை முழுவதையும் சி டிரைவாகக் கட்டுவது கூடவே கூடாது. டாஸ் நிரல் தவறுதலாக ஓர் அழிப்புக் கட்டளை கொடுத்தால் உங்கள் மற்றக் கோப்புகளும் சேர்ந்து போகும்.

பழைய டிஸ்கிலிருந்த ஆட்டோஎக்ஸெக் பேட் கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். அந்தக் கணினியில் எந்தெந்தப் பெயர் எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. 'செட்' என்று தொடங்கும் வரிகளை அப்படியே டாஸ்பாக்ஸ் கான்ஃபிக் கோப்பின் கடைசிப் பகுதியான ஆட்டோஎக்ஸெக்கில் போடலாம். 'சப்ஸ்ட்' என்ற வரி இருந்தால், ஏதோ ஒரு கோப்புறைக்கு டி அல்லது இ என்று எழுத்து கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னொரு மவுண்ட் வரி போதும். மவுண்ட் வரிகள், நிரலின் பெயர், கடைசியில் 'எக்ஸிட்' ஆகியவற்றையும் அதே பகுதியில் எழுதிவிட்டால், நாளை வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் ஐகானை அழுத்தினாலே போதும்.

இனி 'டிஸ்க் நிறைந்துவிட்டது'. டாஸ்பாக்ஸ் எவ்வளவு பெரிய டிஸ்காக இருந்தாலும் நிரலிடம் சுமார் 250 எம்பி மீதி என்றுதான் சொல்லும். எனவே உங்கள் 400 ஜிபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோப்பை எழுத முடியாமல் போனாலே பல பழைய நிரல்கள் 'டிஸ்க் ஃபுல்' என்று சொல்லிவிடும். காரணத்தைப் பிரித்துச் சொல்ல அவற்றுக்குத் தெரியாது. எழுத முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் அனுமதி. நிர்வாகி கணக்கில் நகலெடுத்த கோப்புகள் நிர்வாகிக்கே சொந்தமாகிவிடும். சிடியிலிருந்து எடுத்தவை 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வரும். கோப்புறையின் உரிமையை உங்கள் கணக்குக்கு மாற்றி, எழுதும் அனுமதியையும் கொடுங்கள். அப்படியே ஒரே பெயரில் பெரிய எழுத்தில் ஒன்றும் சின்ன எழுத்தில் ஒன்றுமாக இரண்டு கோப்புகள் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்ளும், டாஸுக்கு இரண்டும் ஒன்று. நிரல் எதைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. சம்பளக் கணக்கில் இது விளையாட்டல்ல.

டாஸ்பாக்ஸை விட்டு, முழுக் கணினி போல நடிக்கும் வர்ச்சுவல்பாக்ஸிலோ கியூஎமுவிலோ நிஜமான டாஸ் போட நேர்ந்தால் அப்போது டிஸ்க் அளவு முக்கியம். எம்எஸ்-டாஸ் 6.22 ஒரு பிரிவுக்கு 2 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. காலியிடம் 2 ஜிபியைத் தாண்டினால் சில நிரல்களின் கணக்கில் எண் கழித்தல் குறிக்குப் புரண்டுவிடும். அப்போதும் 'டிஸ்க் ஃபுல்' என்றே வரும். 500 எம்பிக்கு ஓர் இமேஜ் கோப்பு (ஒரு முழு டிஸ்கை உள்ளடக்கிய கோப்பு) உண்டாக்கினால் செக்ரோலுக்குப் பல ஆண்டு தாங்கும்.

திறந்தவுடனே 'ரன்டைம் எர்ரர் 200' என்று வந்து நிற்கும் நிரல் யாரிடமாவது இருந்தால், அது டர்போ பாஸ்கலில் எழுதியது. தொடங்கும்போது 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணிப் பார்த்து வகுக்கும். இன்றைய வேகத்தில் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடும். டாஸ்பாக்ஸில் 'சைக்கிள்ஸ்=ஃபிக்ஸ்டு 10000' என்று வேகத்தைக் கட்டிப் போட்டால் தீரும்.

கேள்வி: ஆலையில் லோரி எடை மேடையின் காட்டியிலிருந்து எடை, பழைய கணினியில் காம்1 வழியாக நேரே நிரலுக்குள் வரும். புதிய கணினியில் சீரியல் போர்ட்டே இல்லை. யுஎஸ்பி-சீரியல் வயர் வாங்கிப் போட்டோம். ஒரு நாள் எடை வந்தது. மறுநாள் ஒன்றுமே வரவில்லை. இன்னொரு நாள் எண்களுக்கு நடுவே கோடும் கட்டமுமாக வருகிறது. குலை ஏற்றிய லோரிகள் வரிசையில் நிற்கின்றன.
– ஆலைத் தராசுக் கூண்டு ஊழியர்

இதில் மூன்று இணைப்புகள் உள்ளன. காட்டிக்கும் வயருக்கும் ஒன்று, வயருக்கும் லினக்ஸுக்கும் ஒன்று, லினக்ஸுக்கும் எமுலேட்டருக்கும் ஒன்று. மூன்றையும் ஒரே நேரத்தில் கிளறினால் எது சரியானது, எது கெட்டது என்றே தெரியாமல் போகும். எமுலேட்டரை மூடி வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள்.

முதலில் மினிகாம் அல்லது புட்டி என்ற டெர்மினல் நிரலில் அந்த யுஎஸ்பி வயரைத் திறங்கள். வேகம், டேட்டா பிட் (ஓர் எழுத்துக்கு எத்தனை பிட்), பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) மூன்றையும் காட்டியின் செட்டப் மெனுவில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஊகிக்க வேண்டாம். எடை திரையில் ஓடினால் முதல் இரண்டு இணைப்பும் சரி.

எல்லாமே குப்பையாக வந்தால் வேகம் பொருந்தவில்லை. உங்களுக்கு வருவதுபோல் சில எண் சரியாகவும் சில எண் கோடும் கட்டமுமாகவும் வந்தால், காட்டி 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது. கணினி 8 பிட், பாரிட்டி இல்லை என்று படிக்கிறது. இதை உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு: 0, 3, 5, 6, 9 சரியாக வரும், 1, 2, 4, 7, 8 மட்டும் கெட்டுப் போகும். இந்த ஐந்து எண்களின் குறியீட்டில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் 1 இருப்பதால் பாரிட்டி பிட் ஏறிக்கொள்கிறது. அதைக் கணினி எட்டாவது டேட்டா பிட்டாக எடுத்துக்கொண்டு, டாஸ் எழுத்து அட்டவணையின் மேல்பாதியிலுள்ள கோடு, கட்ட வடிவங்களைக் காட்டுகிறது. 'ஒரு நாள் நன்றாக வந்தது' என்கிறீர்கள். நிரல் தானே போர்ட்டை 7 பிட்டுக்கு மாற்றிய நாளாக அது இருக்கும். வேறு நிரல் வந்து மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். நிரலின் செட்டப்பிலும் 7, ஈவன், 1 என்று பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்றுமே வராவிட்டால், வயரைக் காட்டியிலிருந்து கழற்றி, 9 பின் முனையில் 2, 3 ஆகிய இரண்டு பின்களையும் ஒரு பேப்பர் கிளிப்பால் தொடுத்துவிட்டு டெர்மினலில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் வயரும் டிரைவரும் நலம். அடுத்தது குறுக்கு இணைப்பு. கணினிப் பக்கம் 2 வாங்குவது, 3 அனுப்புவது, 5 எர்த். காட்டியும் கணினியைப் போலவே பின் அமைத்திருந்தால் 2-ம் 3-ம் குறுக்காகப் போக வேண்டும். 25 பின் முனையில் 2 அனுப்புவது, 3 வாங்குவது, எர்த் 7. பழைய வயரில் வேலை செய்தது என்றால் அதையே மீட்டரில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார்த்து வரைந்துகொள்வது நல்லது. டெர்மினலில் எடை வந்தும் டாஸ் நிரலில் வராவிட்டால், நிரல் எதிர்முனையிலிருந்து 'தயார்' என்ற கைகுலுக்கல் சைகைக்குக் காத்திருக்கும். கணினிப் பக்க முனையில் 4, 6, 1 மூன்றையும் ஒன்றாகவும், 7, 8 இரண்டையும் ஒன்றாகவும் பற்றவைத்தால் நிரல் ஏமாந்து போய்ப் படிக்கத் தொடங்கும்.

மறுநாள் வராமல் போனதற்கு வருவோம். லினக்ஸ் இந்த வயருக்கு டிடிஒய்-யுஎஸ்பி0 என்று பெயர் வைக்கும் (இதில் யுஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து, நடுவில் கோடு இல்லை). கழற்றி மாட்டினாலோ, இன்னொரு வயர் முந்திக்கொண்டாலோ அது டிடிஒய்-யுஎஸ்பி1 ஆகிவிடும். எமுலேட்டரோ இன்னும் 0-வையே பார்த்துக்கொண்டிருக்கும். எனவே எண்ணை நம்பாமல் நிலையான பெயர் வையுங்கள்: யுடெவ் (கருவிகளுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் பகுதி) விதிக் கோப்பு ஒன்றில் வயரின் தயாரிப்பாளர் எண், பொருள் எண், தொடர் எண் மூன்றையும் குறித்து, 'டிம்பாங்' என்று ஒரு சிம்லிங்க், அதாவது மாற்றுப் பெயர் கொடுங்கள். டாஸ்பாக்ஸ் கான்ஃபிக்கில் 'சீரியல்1=டைரக்ட்சீரியல் ரியல்போர்ட்:டிம்பாங்' என்று எழுதினால் போதும்; முன்னால் வரும் டெவ் கோப்புறைப் பெயரை டாஸ்பாக்ஸ் தானே சேர்த்துக்கொள்ளும். மலிவான சிஎச்340 சிப் வயர்களில் தொடர் எண் இருக்காது. அப்படிப்பட்ட இரண்டு வயர் ஒரே கணினியில் இருந்தால், எந்த யுஎஸ்பி துளையில் மாட்டியிருக்கிறது என்பதைக் கொண்டுதான் பிரிக்க முடியும். துளைக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

சிஎச்340 பற்றி இன்னொன்று. உபுண்டு 22.04-ல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெயில் திரை நிரல் இந்த வயரைத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். மாட்டிய நொடியில் டிடிஒய்-யுஎஸ்பி0 தோன்றி உடனே மறைந்தால் காரணம் அதுதான். பிரெயில் கருவி உங்களிடம் இல்லையென்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம். உங்கள் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். சேர்த்த பிறகு ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வந்தால்தான் அது செல்லும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் எண்ணை நிலையாகக் கட்டலாம். காம்9-க்குள் வைத்துக்கொண்டால் வம்பு குறைவு. வெளியே காம்5 ஆக இருப்பது உள்ளே காம்1 ஆகலாம், அதில் தவறில்லை. உள்ளே நிரல் எதிர்பார்ப்பது காம்1 என்றால் முகவரி 3எஃப்8, ஐஆர்கியூ (போர்ட் கணினியைக் கூப்பிடும் குறுக்கீட்டு எண்) 4. காம்2 என்றால் 2எஃப்8, ஐஆர்கியூ 3. நிரலின் செட்டப்பில் இந்த ஜோடி மாறியிருந்தால் ஓர் எழுத்து வந்து அப்படியே நின்றுவிடும்.

கடைசியாக, இடி. எடை மேடை திறந்த வெளியில் இருக்கிறது, நம் ஊர் மின்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண யுஎஸ்பி வயர் வழியாக ஏறும் மின்னல் வொர்க்ஸ்டேஷனின் மதர்போர்டு வரை போகும். ஆப்டோ ஐசலேட்டட் என்று தெளிவாக எழுதிய அடாப்டரை வாங்குங்கள். காட்டிக்கும் கணினிக்கும் 15 மீட்டருக்கு மேல் தூரம் என்றால் ஆர்எஸ்-232 வயரை இழுத்துக்கொண்டே போகாமல், காட்டிப் பக்கத்தில் சீரியல்-ஈதர்நெட் பெட்டி ஒன்று வைக்கலாம். வர்ச்சுவல்பாக்ஸும் கியூஎமுவும் காம் போர்ட்டை டிசிபி முகவரிக்கு நேரே கட்டிக்கொள்ளும்.

கேள்வி: சம்பளச் சீட்டு அச்சடிக்க எப்சன் எல்கியூ-310 இருக்கிறது. டாஸ்பாக்ஸில் 'பிரிண்டர் நாட் ரெடி' என்றே வருகிறது. பக்கத்து அலுவலகத்தில் வேறு ஏதோ போட்டு அச்சடித்தார்கள், ஆனால் கட்டக் கோடுகள் எல்லாம் சாய்ந்த எழுத்தாக வந்தன.
– சம்பளப் பிரிவு, தோட்ட அலுவலகம்

டாஸ்பாக்ஸ் 0.74 விளையாட்டுகளுக்காகச் செய்தது. அதில் எல்பிடி போர்ட்டே கிடையாது. எத்தனை முறை செட்டிங்கைத் திருப்பினாலும் வராது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளைப் பதிப்பைப் போடுங்கள். உங்கள் பழைய கான்ஃபிக் கோப்பில் மவுண்ட், சீரியல் வரிகளை அப்படியே கொண்டுபோகலாம்.

அதில் பேரலல் பகுதியில் 'பேரலல்1=ஃபைல்' என்று எழுதி, பக்கத்திலேயே 'அப்பெண்ட்:' என்று ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். நிரல் எல்பிடி1-க்கு அனுப்புவதெல்லாம் அந்தக் கோப்பில் சேரும். பிறகு லினக்ஸில் 'எல்பி' கட்டளைக்கு 'மைனஸ் ஓ ரா' என்ற விருப்பத்தைக் கொடுத்து அந்தக் கோப்பைப் பிரிண்டருக்குத் தள்ளலாம். ரா என்பது முக்கியம். அது இல்லாவிட்டால் லினக்ஸ் அதைப் படமாக மாற்றி அழகுபடுத்தப் பார்க்கும். டாஸ் நிரல் அனுப்பிய எப்சன் கட்டளைகள் எழுத்தாக அச்சாகும். அச்சடித்து முடித்ததும் கோப்பை அழித்துவிடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள். அப்பெண்ட் என்றால் பின்னால் சேர்த்துக்கொண்டே போகும். அழிக்காவிட்டால் அடுத்த மாதம் இரண்டு மாதச் சீட்டும் சேர்ந்து வரும்.

இந்தச் சுற்று வழிதான் எங்களுக்குப் பிடித்தது. தாள் சிக்கினால் நிரலுக்குள் போய்ச் சம்பளத்தை மறுபடி ஓட்ட வேண்டியதில்லை, கோப்பைத் திரும்ப அனுப்பினால் போதும். விண்டோஸில் 'டெவ்:எல்பிடி1' என்று கொடுத்து, பிரிண்டரைப் பகிர்ந்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அதோடு கட்டலாம்.

சாய்ந்த எழுத்துக்குக் காரணம் எமுலேட்டர் அல்ல. எப்சன் பிரிண்டரில் எழுத்து அட்டவணை 'இட்டாலிக்' என்றும் 'பிசி437' என்றும் இரண்டு வகை உண்டு. டாஸ் கட்டக் கோடுகள் இருக்கும் இடத்தில் இட்டாலிக் அட்டவணை சாய்ந்த எழுத்துகளை வைத்திருக்கிறது. பிரிண்டரின் டிஃபால்ட் செட்டிங்கில் பிசி437-க்கு மாற்றுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு வெற்று வரி வந்தால் அதே மெனுவில் ஆட்டோ லைன் ஃபீடை நிறுத்துங்கள். சீட்டு ஒவ்வொன்றாக மேலேயோ கீழேயோ நகர்ந்துகொண்டே போனால் பக்க நீளம் தப்பு: 11 அங்குலத் தாளுக்கு 66 வரி, 12 அங்குலத்துக்கு 72. பழைய அகலப் பிரிண்டருக்கு எழுதிய 132 எழுத்து வரியும் இந்தச் சின்னப் பிரிண்டரில் கண்டென்ஸ்டு முறையில் 8 அங்குலத்துக்குள் அடங்கும். நிரலின் பிரிண்டர் செட்டப்பில் தொடக்கக் குறியீடாக 15 என்று போடுங்கள்.

கேள்வி: கியூஎமுவில் எம்எஸ்-டாஸ் போட்டிருக்கிறோம். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் பேர் பதிகிறோம். வருகை எல்லாம் முந்தின நாள் தேதியில் விழுகிறது. பத்து மணிக்குப் பதிந்தால் சரியாக இருக்கிறது.
– தோட்ட எழுத்தர், ஜாலோங் பக்கம்

கியூஎமு தன் கடிகாரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. டாஸுக்கு நேர மண்டலம் என்பதே தெரியாது. கடிகாரம் காட்டுவதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மலேசியா 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை எட்டு மணி வரை டாஸுக்கு நேற்றைய தேதி. தொடக்கக் கட்டளையில் 'மைனஸ் ஆர்டிசி பேஸ்=லோக்கல்டைம்' சேர்த்தால் தீர்ந்தது. வர்ச்சுவல்பாக்ஸில் சிஸ்டம் பகுதியில் கடிகாரம் யுடிசி என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே தப்பாகப் பதிந்த நாட்களை மாதக் கணக்கு முடிப்பதற்கு முன்பே திருத்துங்கள்; ஞாயிறும் பொது விடுமுறையும் மாறி விழுந்திருந்தால் இரட்டைச் சம்பளக் கணக்கும் மாறியிருக்கும்.

கேள்வி: எங்கள் கணக்கு நிரலில் பதிந்ததைச் சேமிக்க கன்ட்ரோல்-எஃப்9. டாஸ்பாக்ஸில் அதை அழுத்தினால் எல்லாமே மூடிக்கொள்கிறது.
– மளிகைக் கடை, சுங்கை சிப்புட் பட்டணம்

டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல்-எஃப்9 என்றால் 'உடனே செத்துப் போ' என்று அர்த்தம், எதையும் சேமிக்காது. கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தினால் விசை வரைபடம் வரும். அதில் ஷட்டௌன் என்பதைத் தேர்ந்து, அதற்குக் கட்டியுள்ள விசையை நீக்கிவிட்டு, சேவ் அழுத்துங்கள். இதைச் செய்யும்வரை கடையில் யாரும் அந்தக் கணினியில் உட்கார வேண்டாம்.

கேள்வி: கோயிலின் பழைய சந்தா, நன்கொடைக் கணக்குகள் இரண்டு பெட்டி ஃபுளோப்பியில் இருக்கின்றன. 3.5 அங்குலமும் உண்டு, பெரிய மெல்லிய டிஸ்கும் உண்டு. சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது.
– கோயில் நிர்வாகப் பொருளாளர்

அம்மா, பூஞ்சை படிந்ததை டிரைவில் போடவே போடாதீர்கள். அது டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். சுத்தமானவற்றை முதலில் எடுத்து முடியுங்கள். மற்றவற்றைத் தனியே வையுங்கள்.

யுஎஸ்பி ஃபுளோப்பி டிரைவ் 3.5 அங்குலத்தில் 1.44 எம்பி, 720 கேபி வகைகளைப் படிக்கும். பெரிய 5.25 அங்குல டிஸ்குக்கு அது உதவாது; அதற்குப் பழைய டிரைவும், கிரீஸ்வீசில் போன்ற ஒரு இணைப்புப் பலகையும் வேண்டும். போடுவதற்கு முன் எழுத்துத் தடையைப் பாருங்கள்: 3.5 அங்குலத்தில் நகரும் மூடியுள்ள மூலைத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. 5.25-ல் நேர்மாறு, பக்கவாட்டு வெட்டை டேப் ஒட்டி மூடினால்தான் பாதுகாப்பு.

கோப்புகளை இழுத்து நகலெடுக்காமல் டிஸ்கை முழுசாக இமேஜாக எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்கியூ நல்லது: படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். 1.44 எம்பி டிஸ்கின் இமேஜ் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் பாதியில் நின்றிருக்கிறது. பிறகு டாஸ்பாக்ஸில் 'ஐஎம்ஜிமவுண்ட் ஏ' கட்டளையோடு இமேஜின் பெயரும், 'மைனஸ் டி ஃபுளோப்பி' என்பதும் கொடுத்தால் ஏ டிரைவாக வரும். நிரல் 'இரண்டாவது டிஸ்கைப் போடு' என்று கேட்கும் வகையென்றால் எல்லா இமேஜ் பெயர்களையும் ஒரே வரியில் வரிசையாகக் கொடுங்கள். கன்ட்ரோல்-எஃப்4 அழுத்தும்போது அடுத்த டிஸ்க் மாறும்.

கேள்வி: எங்கள் அச்சகத்து நிரல் திறக்க, பிரிண்டர் போர்ட்டில் ஒரு பூட்டு (நிரலை நகலெடுத்து ஓட்டாமல் தடுக்கும் டாங்கிள்) மாட்ட வேண்டும். யுஎஸ்பி-பேரலல் வயரில் மாட்டினோம். பூட்டு இல்லை என்கிறது.
– அச்சகம், சுங்கை சிப்புட்

அந்த வயர் போர்ட் அல்ல. அது யுஎஸ்பி பிரிண்டர் போல நடிக்கும், தகவலை ஒரு பக்கமாகத் தள்ளும், அவ்வளவுதான். பூட்டைத் தேடும் நிரல் 378 என்ற முகவரியில் ஒவ்வொரு பின்னையும் தானே ஏற்றி இறக்கிப் பதில் கேட்கும். மேசைக் கணினியாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போடுங்கள். கார்டின் முகவரி 378-ஆக இருக்காது, அதற்காகக் கவலை வேண்டாம்: லினக்ஸில் அது பார்போர்ட்0 என்று வரும், கியூஎமுவின் 'பேரலல்' விருப்பத்தை அதோடு கட்டினால் உள்ளே டாஸுக்கு 378-ஆகவே தெரியும். வேகத்தைப் பார்த்துப் பூட்டைச் சோதிக்கும் நிரல்கள் இதிலும் முரண்டு பிடிக்கலாம். பூட்டு செய்த நிறுவனம் இன்னும் இருந்தால் யுஎஸ்பி பூட்டுக்கு மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கார்டு வாங்குவது அதற்குப் பிறகு.

கேள்வி: செக்ரோல் கோப்புறையை நெட்வொர்க்கில் பகிர்ந்து, இரண்டு கணினியில் டாஸ்பாக்ஸ் போட்டு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிகிறோம். சில பேர்கள் காணாமல் போகின்றன.
– தோட்ட அலுவலகம், கோலகங்சார் சாலை

உடனே நிறுத்துங்கள். பழைய கணினியில் ஒருவர் ஒரு பதிவைத் திறந்தால் மற்றவருக்கு அது பூட்டியிருக்கும். டாஸ்பாக்ஸ் 0.74 அந்தப் பூட்டை வெளியே இருக்கும் சர்வருக்குச் சொல்வதில்லை. இரண்டு பேரும் ஒரே பதிவைத் திறந்து, கடைசியில் சேமித்தவர் எழுதியதே நிற்கும். டிபிஎஃப் என்ற டிபேஸ் வகைத் தரவுக் கோப்பாக இருந்தால் பக்கத்தில் உள்ள இண்டெக்ஸ் (தேடலுக்கான பட்டியல்) கோப்பும் சிதைந்து, பேர் உள்ளே இருந்தும் தேடலில் வராது. காணாமல் போனவர்களில் சிலர் இப்படித்தான் ஒளிந்திருப்பார்கள்: நிரலின் மெனுவில் ரீஇண்டெக்ஸ் கொடுத்தால் திரும்பி வருவார்கள். மற்றவர்களைப் பெரட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

இனிமேல் ஒரே கணினியில் மட்டும் நிரல் ஓடட்டும். இரண்டாமவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதே திரைக்கு வந்து, முறை வைத்துப் பதியட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதிந்தே தீர வேண்டும் என்றால் விண்டோஸில் விடாஸ் என்ற எமுலேட்டரைப் பாருங்கள். அது எழுத்துத் திரை அலுவலக நிரல்களுக்காகவே செய்தது, பூட்டுகளை விண்டோஸுக்குக் கடத்தும். மாற்றுவதற்கு முன் செக்ரோல் கோப்புறையை வேறு டிஸ்கில் நகலெடுங்கள். நகலெடுக்கும்போது இரண்டு கணினியிலும் நிரல் மூடியிருக்க வேண்டும். பிறகு அந்த நகலில் ஒரு பொய்ப் பேரைச் சேர்த்து, இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். இரண்டாவது கணினி 'பதிவு பூட்டியுள்ளது' என்று மறுத்தால்தான் உண்மையான தரவைக் கொடுக்கலாம்.